தனியார் போட்ட தெரு எப்போது பொதுச்சாலை ஆகும்?

கேள்வி: மனைப்பிரிவுக்குள் தார்ச்சாலை போட்டாயிற்று. சாலை நிலத்தை மாநகராட்சிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலே அவர்கள் பராமரிப்பார்களா?

பதில் 1: பராமரிக்காது. எழுதிக் கொடுப்பது வேறு, அவர்கள் ஏற்பது வேறு. முறையான தீர்மானமோ உத்தரவோ வரும்வரை பள்ளம் விழுந்தால் செலவு உங்களுடையதுதான். முதலில் வில்லங்கம் பாருங்கள். சாலை நிலமும் அடமானத்தில் சிக்கியிருந்தால் விடுவித்த பிறகே பத்திரம்.

பதில் 2: பெரும்பாலும் மாட்டுவது தாரில் இல்லை, அடியில். குழாய்ப் பள்ளத்தை ஒரே மூச்சில் மண் தள்ளி மூடினால் மழைக்கு உட்கார்ந்துவிடும். 15-20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஈரப்பதம் பார்த்து, அதே மண்ணை ஆய்வகத்தில் இறுக்கிப் பார்த்துக் கண்ட உச்ச அடர்த்தியில் 95% வரும்வரை இறுக்க வேண்டும். சோதனைச் சீட்டு இல்லையென்றால் சாலையைத் துளைத்துத்தான் பார்ப்பார்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விடுவதைத் தார் போடும் முன்பே முடித்துவிடுங்கள்.

பதில் 3: அனுமதி வரைபடத்தின் நகல் போதாது, போட்டபடியே அளந்த வரைபடம் வேண்டும். மேல் தார் அடுக்கை வீட்டு வேலைகள் முடியும்வரை தள்ளிப் போடலாம், லாரிகள் அதைக் கெடுத்துவிடும். ஏற்றபின் வரும் குறைகளுக்கு வங்கி உத்தரவாதமும் கேட்பதுண்டு. தெருமுனை கேட்? கழற்றத்தான் வேண்டும். பொதுச்சாலைக்கு ஏது பூட்டு!