உதவி தேவை: காஸ்தெல்நுவோவோ வந்துவிட்டோம், ஆனால் இது நாங்கள் தேடிய காஸ்தெல்நுவோவோ இல்லை

கேள்வி (சூரிச்சிலிருந்து வந்தவர்) – சனி, பகல் 12.50

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். இத்தாலி வீதிகள் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

காலை சூரிச்சிலிருந்து புறப்பட்டோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ரோமில் இருக்கும் நண்பனின் குடும்பமும் நாங்களும் சேர்ந்து தொஸ்கானாவில் மூன்று நாளுக்கு ஒரு வீடு எடுத்திருக்கிறோம். ஊரின் பெயர் காஸ்தெல்நுவோவோ. நண்பன் சொன்ன வழி இதுதான்: "ஏ1-இல் வந்து பெத்தொல்லே பக்கம் இறங்கு. அங்கிருந்து சியெனா வீதியைப் பிடித்தால் காஸ்தெல்நுவோவோ என்று பலகை வரும்."

கோமோவுக்குப் பக்கத்தில் கைபேசி அணைந்துவிட்டது. சார்ஜ் ஏற்றித் திரும்பப் போட்டதும், வழிகாட்டி ஆப்பில் ஊர்ப் பெயரின் முதல் சொல்லை மட்டும் அடித்து, மேலே வந்ததைத் தொட்டேன். மிலானோ தாண்டியதும் ஏ7 என்ற பாதையில் விட்டது. ஏ1 இல்லையே என்று யோசித்தேன். ஆனால் வரைபடத்தை இழுத்துப் பார்த்தபோது கொஞ்சம் முன்னால் பெத்தொலே என்ற பெயர் கண்ணில் பட்டது. நண்பன் சாலை எண்ணைத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். காஸ்தெல்நுவோவோ பலகையும் வந்தது. காசு கட்டி இறங்கினோம். சுற்றிவரத் தட்டையான வயல்கள். குன்று ஒன்றைக் காணவில்லை. கபே நடத்தும் அம்மாவிடம் முகவரியைக் காட்டினால், "லொன்தானோ, லொன்தானோ" என்கிறார். தூரம் என்று அர்த்தமாம்.

இன்னும் எவ்வளவு தூரம்? எந்த வழி? இறங்கிய நெடுஞ்சாலையில் மறுபடி ஏறினால் சிக்கல் வருமா? சுவிஸில் வருடத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ஓடிப் பழகியவன், இங்கே டிக்கெட் முறை எனக்குப் பிடிபடவில்லை.

பதில் (ரெஜ்ஜோ எமிலியா, பார்சல் வான் ஓட்டுபவர்) – 13.02

தம்பி, பதற வேண்டாம். முகவரியில் காஸ்தெல்நுவோவோவுக்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது? ஐந்து இலக்கத் தபால் எண் என்ன? கபே பில்லில் இருக்கும் எண்ணையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர் – 13.06

அண்ணை, முகவரியில் "காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா, 53019, எஸ்.ஐ." என்று இருக்கிறது. கபே பில்லில் "காஸ்தெல்நுவோவோ ஸ்கிரிவியா, 15053, ஏ.எல்."

பதில் (ரெஜ்ஜோ எமிலியா) – 13.17

அதேதான் நினைத்தேன். எஸ்.ஐ. என்றால் சியெனா மாகாணம். ஏ.எல். என்றால் அலெஸ்ஸாந்திரியா, பியெமொந்தே பகுதி. இரண்டுக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். நாலரை, ஐந்து மணி நேரம் பிடிக்கும். அம்மாவும் பிள்ளைகளும் இருப்பதால் முதலில் அங்கேயே சாப்பிடுங்கள்.

நீங்கள் ஏமாந்ததில் வியப்பே இல்லை. நீங்கள் வரைபடத்தில் பார்த்த பெத்தொலே, நோவி லிகுரே பக்கம் ஏ7-ஐயும் ஏ26-ஐயும் இணைக்கும் கிளைச்சாலையின் பெயரில் வரும் சிற்றூர். நண்பன் சொன்ன பெத்தொல்லே தொஸ்கானாவில், ஏ1-இன் வால்திகியானா வெளியேறலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுத்தில் ஒரு எல் மட்டும்தான் வித்தியாசம். இரண்டு இடத்துக்கும் அருகில் ஒரு காஸ்தெல்நுவோவோ வேறு. பன்னிரண்டு வருடமாக இந்த வீதிகளில் ஓடுகிறேன், இப்படி இரண்டு பெயரும் சேர்ந்து ஒருவரை மாட்டிவிட்டதை இன்றுதான் பார்க்கிறேன்.

நண்பன் சொன்ன வழியும் உங்களுக்கானது இல்லை. அது தெற்கே ரோமிலிருந்து வருபவர்களுக்கு. வடக்கிலிருந்து வரும் நீங்கள் பெத்தொல்லே வரை இறங்கத் தேவையில்லை. இப்படிப் போங்கள்:

இறங்கிய இடத்திலேயே ஜெனோவா திசையில் ஏ7-இல் ஏறுங்கள். வாசலில் பொத்தானை அழுத்தினால் டிக்கெட் வரும். சில கிலோமீட்டரில் தொர்தோனா சந்திப்பு. அங்கே ஏ21, பியாச்சென்சா பக்கம். பியாச்சென்சாவில் மட்டும் கவனம் வேண்டும்: கிரெமோனா, பிரெஷா என்ற பலகையைத் தொடர்ந்தால் மறுபடி வேறு திசைதான். அங்கே ஏ1-க்கு மாறி பொலோனியா பக்கம் திரும்புங்கள். பிறகு பார்மா, எங்கள் ரெஜ்ஜோ, மொதெனா, பொலோனியா என்று நேர்க்கோடு. புளோரன்ஸ் என்று பலகையைத் தேடாதீர்கள், ஃபிரென்சே என்றுதான் இருக்கும்.

பொலோனியா தாண்டி மலையில் ஏ1 இரண்டாகப் பிரியும். ஒன்று திரெத்திஸ்ஸிமா, மற்றது பனோராமிகா. பயப்பட வேண்டாம், இரண்டுமே ஏ1, இரண்டுமே ஃபிரென்சே போகும், பார்பெரினோ பக்கம் மறுபடி சேர்ந்துவிடும். திரெத்திஸ்ஸிமா 2015 டிசம்பரில் திறந்த புதுப் பாதை. சுரங்கம் அதிகம், ஏற்றம் குறைவு. அதையே பிடியுங்கள்.

ஃபிரென்சே இம்ப்ருனேதா என்ற இடத்தில் இறங்கிக் காசு கட்டுங்கள். அங்கிருந்து சியெனா வரை கட்டணமில்லாத நான்கு வழிச் சாலை, ஊரில் அவுத்தோபாலியோ என்பார்கள். பழைய சாலை, வளைவுகள் உண்டு, வேகம் வேண்டாம். சியெனாவைச் சுற்றி பெத்தொல்லே, பெருஜா திசைக்கு மாறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா பலகை வரும்.

டிக்கெட் பற்றி: எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள் என்ற தூரத்துக்குத்தான் காசு. இறங்கித் திரும்ப ஏறுவதில் தவறே இல்லை. ஆனால் டிக்கெட்டைத் தொலைத்தால் மிகத் தொலைவான வாசலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள், அதனால் அதை அம்மாவின் கைப்பையில் கொடுத்து வையுங்கள். மஞ்சள் வரிசை, தானாகக் காசு கழியும் தெலெபாஸ் கருவி உள்ளவர்களுக்கு மட்டும், அதில் நுழைய வேண்டாம். வெளியேறலைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்புங்கள். எக்காரணம் கொண்டும் பின்னால் எடுக்கக் கூடாது.

பதில் (தொரினோவில் படிக்கும் மாணவர், மதுரை) – 13.40

அண்ணா, ஆப் ஏன் இப்படிச் செய்தது என்று மட்டும் சொல்கிறேன். முதல் சொல்லை மட்டும் அடித்தால் பெரும்பாலும் நாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் மேலே காட்டும். நீங்கள் கோமோவில் நின்றீர்கள், அதனால் மிலானோவுக்குக் கீழே இருப்பது வந்திருக்கும். அடுத்த தடவை தபால் எண்ணையும் சேர்த்து அடியுங்கள். முதல் இரண்டு இலக்கமே போதும், 53 என்றால் சியெனா, 55 என்றால் லூக்கா, 15 என்றால் அலெஸ்ஸாந்திரியா.

காஸ்தெல்நுவோவோ என்றால் நம் மொழியில் புதுக்கோட்டை. இடைக்காலத்தில் புதிதாகக் கோட்டை எழும்பிய இடமெல்லாம் அந்தப் பெயர். நம் ஊரிலும் தூத்துக்குடி பக்கம் ஒரு புதுக்கோட்டை இருக்கிறதே, அதுபோல. 1861-இல் இத்தாலி ஒரே நாடாகும்வரை தனித்தனி அரசுகள் என்பதால் பெயர் ஒன்றாக இருந்தும் தொல்லை தெரியவில்லை. ஒன்றானதும் குழப்பம். அதனால் அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களின் பெயரோடு ஒட்டுப்பெயர் சேர்ந்தது. ஸ்கிரிவியா, மாக்ரா என்பவை ஆறுகள். கார்ஃபஞானா, பெரார்தெங்கா என்பவை வட்டாரப் பெயர்கள். அஸ்தி மாகாணத்தில் காஸ்தெல்நுவோவோ தொன் போஸ்கோ இருக்கிறது. நம் ஊர் டான் பாஸ்கோ பள்ளிகளுக்குப் பெயர் தந்த அதே பாதிரியார் 1815-இல் அங்கேதான் பிறந்தார். 1930 வரை அது காஸ்தெல்நுவோவோ தாஸ்தி. என் அறை நண்பன் அந்தப் பக்கத்துக்காரன், வெறுமனே காஸ்தெல்நுவோவோ என்று சொன்னால் "எது?" என்றுதான் கேட்பான்.

பதில் (ரெஜ்ஜோ எமிலியா) – 14.05

எங்கள் மாகாணத்தில் மட்டும் இரண்டு உண்டு, அதுவும் நுவோவோ இல்லை, நோவோ: காஸ்தெல்நோவோ நே மொந்தி, காஸ்தெல்நோவோ தி சோத்தோ. ஒன்று மலையில், ஒன்று சமவெளியில். ரெஜ்ஜோவே இரண்டு, எங்களுடையது ஏ1-இல், மற்றது தெற்கே கலாப்ரியாவில். பக்கத்து ஊர் கார்பிக்கு 2009-இல் ஒரு ஸ்வீடன் தம்பதி வந்து நீலக் குகை எங்கே என்று கேட்டார்கள். காப்ரி தீவு என்று அடிக்க நினைத்துக் கார்பி என்று அடித்திருந்தார்கள். பத்திரிகைகளிலெல்லாம் வந்தது.

பதில் (பாலெர்மோ) – 14.30

ஒட்டுப்பெயரே இல்லாத ஊர்களில் இன்னும் கவனமாக இருங்கள். எங்கள் உறவினர்கள் ஜெர்மனியிலிருந்து சான் தியோதோரோவில் கடற்கரை வீடு எடுத்துவிட்டு, "சிசிலிக்கு வருகிறோம் அக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். சிசிலியின் சான் தியோதோரோ நெப்ரோதி மலைக்குள் இருக்கிறது, கடற்கரையே கிடையாது. அவர்கள் எடுத்தது சார்தினியாவில். நல்லவேளை, கப்பல் டிக்கெட் போடுவதற்கு முன் தெரிந்தது. காஸ்த்ரோவும் அப்படித்தான், ஒன்று பெர்கமோ மாகாணத்தில் இசேயோ ஏரிக்கரையில், மற்றது தெற்குக் கோடியில் லெச்சே மாகாணத்தில். அங்கெல்லாம் பெயர் உதவாது, மாகாண எழுத்து மட்டும்தான் உதவும்: பி.ஜி.யா, எல்.இ.யா என்று பாருங்கள்.

கேட்டவர் – 19.45

வந்து சேர்ந்துவிட்டோம். பியாச்சென்சாவில் கிரெமோனா பலகையைப் பார்த்ததும் மனைவிதான் சத்தமாக "இல்லை, பொலோனியா" என்றாள். உங்கள் பதிலை வழி முழுக்க வாசித்துக்கொண்டே வந்தாள். டிக்கெட் அம்மாவிடம் பத்திரமாக இருந்தது. சியெனா தாண்டியதும் குன்றுகளையும் சைப்ரஸ் மரங்களையும் கண்டு பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. நண்பன் சோறு வடித்து வைத்திருந்தான்.

அண்ணை, தம்பி, அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செவ்வாய் திரும்ப வேண்டும். மிலானோவில் எந்தப் பலகையைப் பிடிக்க?

பதில் (ரெஜ்ஜோ எமிலியா) – 20.10

கோமோ–கியாஸ்ஸோ, ஏ9. போகும் வழியில் ரெஜ்ஜோவில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். பலகையில் எமிலியா என்று இருக்கும்.