தோட்டத்துச் சாளை குழு: பெரியப்பா கண்ணுக்கு எந்த லென்ஸ்?

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பயமில்லை, லென்ஸ்தான் குழப்பமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்த பெண் ஒரு சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். ஒரே தூரத்துக்கு மட்டும் பவர் இருக்கிற சாதாரண மோனோஃபோக்கல், சிலிண்டர் பவரையும் சரிசெய்கிற டாரிக், அப்புறம் அதோடு தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் ஆகிற டாரிக் ட்ரைஃபோக்கல். முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் விலை மூன்று மடங்குக்கு மேல். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். கவிதா அக்கா, பார்த்ததும் பதில் போடுங்க.

திருப்பூர் சித்தப்பா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆயுசுக்கும் ஒரு தடவை வைப்பது. மூன்றாவதையே வைத்துவிடுங்க. நான் போன வருஷம் ட்ரைஃபோக்கல் வைத்தேன், இன்றைக்கு போன், பேப்பர், துணியில் ஊசி ஓட்டை பார்ப்பது எல்லாமே கண்ணாடி இல்லாமல்தான். அண்ணனுக்குச் செலவு செய்ய நாங்கள் இருக்கிறோம்.

பெரியம்மா: காசு இல்லைங்க தம்பி விஷயம். "கண்ணுக்குள்ளே பிளாஸ்டிக் எதுக்கு, எங்கம்மா மாதிரி கண்ணாடி போட்டுக்கிட்டு இருந்துக்கறேன்" என்று ராத்திரி முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கவிதா: இப்போதுதான் கண் கிளினிக்கில் கடைசி டோக்கன் முடிந்தது. பெரியம்மா, முதலில் பெரியப்பாவுக்குச் சொல்லுங்க, அப்பத்தா போட்டிருந்த கண்ணாடிக் கதை வேறு. அவர்களுக்குக் கேம்ப்பில் புரையை எடுத்தார்கள், உள்ளே லென்ஸ் வைக்கவில்லை. அந்தப் பவரை எல்லாம் வெளியே சோடாபுட்டிக் கண்ணாடியில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதில் எல்லாமே கால்பங்கு பெரிதாகத் தெரியும், கிட்டே இருக்கிற மாதிரியும் இருக்கும். அடுப்படியில் அவர்கள் டம்ளருக்கு இந்தப் பக்கம் காபியை ஊற்றுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு விரலை டம்ளர் விளிம்பில் வைத்துக்கொண்டுதான் ஊற்றுவார்கள், சுடச்சுட விரலில் படும். அந்தக் கஷ்டம் பெரியப்பாவுக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் பயமும் வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து பைலட்டுகளின் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் துண்டுகள் போயிருந்தன. வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்தும் கண் அதை விரட்டவில்லை என்பதை ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். 1949-ல் லண்டனில் அதே பொருளில்தான் முதல் லென்ஸை வைத்தார். இன்றைக்கு மடித்து உள்ளே விடுகிற மிருதுவான லென்ஸ் வந்துவிட்டது. நம் மதுரையிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் இருந்து லென்ஸ் செய்கிறது. வைத்த பிறகு ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும்.

பெரியப்பா: சரி கண்ணு. பிளாஸ்டிக்கை விடு. எனக்குச் சிலிண்டர் இருக்குது, அதனால் சாதாரண லென்ஸ் ஆகாது என்று அந்தப் பிள்ளை சொல்லுச்சு. அது நிஜமா?

கவிதா: ஆகாது என்பது சரியில்லைங்க பெரியப்பா. சாதாரண லென்ஸ் வைத்தாலும் புரை போய் வெளிச்சம் வரும், கண் கெட்டுப்போகாது, சிலிண்டரை மட்டும் பழையபடி கண்ணாடியில் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி போடுவது தொந்தரவில்லை என்பவர்களுக்கு அது நல்ல முடிவுதான்.

சிலிண்டர் என்றால் என்ன என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு தேங்காயைக் கையில் எடுங்க. நீளவாக்கில் தடவினால் ஒரு வளைவு, குறுக்கே தடவினால் வேறு வளைவு. சில பேருக்குக் கருவிழி அப்படி இருக்கும். வெளிச்சம் ஒரே புள்ளியில் சேராமல் இரண்டு இடத்தில் சேரும், எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரியும். டாரிக் லென்ஸிலும் இதேபோல இரண்டு பவர் இருக்கிறது, ஆனால் எதிர்த்திசையில். இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டும்.

இதில் ஒன்று முக்கியம். கண்ணாடிச் சீட்டில் இருக்கிற சிலிண்டரைப் பார்த்து டாரிக் முடிவு செய்யக் கூடாது. கண்ணாடியில் வருவது கருவிழியின் கோணலும் உள்ளே இருக்கிற பழைய லென்ஸின் கோணலும் சேர்ந்த கணக்கு. ஆபரேஷனில் பழைய லென்ஸ் போய்விடும், அதன் கோணலும் கூடவே போய்விடும். மிஞ்சுவது கருவிழி மட்டும்தான். கார்த்தி, கருவிழி வளைவை அளந்த கெரட்டோமெட்ரி ரிப்போர்ட்டும், வண்ண வண்ணமாக ஒரு படம் கொடுத்திருப்பார்களே அதையும் போட்டோ எடுத்து அனுப்பு.

கார்த்தி: அனுப்பிவிட்டேன் அக்கா. அம்மாவுக்கும் அன்றைக்கே பார்த்தோம், அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

கவிதா: பார்த்தேன். பெரியப்பா வலது கண்ணில் கருவிழியின் பவர் ஒரு வாக்கில் 42.75, குறுக்கே 45.00. வித்தியாசம் 2.25. படத்தில் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே நேர்கோட்டில் இருக்கிறது. கோணல் ஒழுங்கான கோணல். இதற்கு டாரிக் நன்றாகவே பயன் தரும். ஏறக்குறைய முக்கால், ஒன்றுக்கு மேல் போனாலே டாரிக் பற்றி யோசிப்பார்கள், இது இரண்டுக்கு மேல். படம் கண்டபடி கோணிக்கொண்டிருந்தால், கருவிழி கூம்பாகிற வியாதி இருந்தால், அங்கே டாரிக் அவ்வளவாக உதவாது.

பெரியம்மா, உங்கள் கண்ணாடியில் சிலிண்டர் 1.25. ஆனால் கருவிழியில் 0.40தான். நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன் வந்தால் சாதாரண லென்ஸே போதும், யாராவது கண்ணாடிச் சீட்டைப் பார்த்து டாரிக் என்று சொன்னால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்க.

பெரியம்மா: அடேயப்பா, இதை அங்கே யாரும் சொல்லவே இல்லையே கண்ணு. இதைப் பத்திரமாக எடுத்து வைக்கிறேன்.

திருப்பூர் சித்தப்பா: சரி, சிலிண்டருக்கு டாரிக். அப்படியென்றால் டாரிக் ட்ரைஃபோக்கலே வைத்துவிட்டால் தூரமும் கிட்டவும் சேர்ந்து முடிந்துவிடுமே?

கவிதா: சித்தப்பா, உங்களுக்கு அது பொருந்தியது, எனக்கும் சந்தோஷம். ஒன்று கேட்கிறேன், ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா?

திருப்பூர் சித்தப்பா: தெரியும். முதல் மூன்று மாதம் ரொம்பத் தெரிந்தது, இப்போது பழகிவிட்டது. ராத்திரி நான் வண்டி எடுப்பதில்லை, டிரைவர்தான்.

கவிதா: அதுதான் சித்தப்பா. பெரியப்பா விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு தாராபுரம் உழவர் சந்தைக்கு வேன் ஓட்டுகிறார். எதிரே லாரி லைட் வரிசையாக வரும். ட்ரைஃபோக்கல் வருகிற வெளிச்சத்தைத் தூரத்துக்கு, நடுவுக்கு, கிட்டத்துக்கு என்று பங்கு போடுகிறது. பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குறையும், மங்கல் வெளிச்சத்தில் அது தெரியும், விளக்கைச் சுற்றி வளையமும் வரும். சிலிண்டர் கொஞ்சம் மிச்சம் இருந்தால்கூட ட்ரைஃபோக்கலில் பார்வை கூடுதலாகக் கெடும். அதோடு பெரியப்பாவுக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. இன்றைக்கு விழித்திரை நன்றாக இருந்தாலும் பின்னால் அங்கே ஏதாவது வந்தால், பங்கு போட்ட வெளிச்சம் இன்னும் போதாமல் போகும்.

என் தகப்பனாராக இருந்தால் நான் டாரிக் மோனோஃபோக்கல்தான் வைப்பேன். தூரம் கண்ணாடி இல்லாமல் தெரியும். சந்தைக் கணக்கு எழுத, பால் நோட்டுப் பார்க்க மட்டும் படிக்கிற கண்ணாடி. பெரியப்பா, அதற்குச் சம்மதமா?

பெரியப்பா: படிக்கிற கண்ணாடி எனக்குப் பிரச்சினை இல்லை. தோப்பில் வேர்வையில் மூக்கு வழியாக இறங்குகிற கண்ணாடியும், மார்கழிப் பனியில் வேனுக்குள் புகைமூட்டம் போடுகிற கண்ணாடியும்தான் போக வேணும். நாற்பது வருஷம் ஆச்சு.

கோபி மாமா: மாப்பிள்ளை, நானும் டாரிக் வைத்தவன்தான், ஒன்று சொல்லியே ஆக வேண்டும். லென்ஸ் நல்ல லென்ஸ்தான். கட்டு அவிழ்த்த அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாம் நாள் பஸ் போர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் இன்னொரு எழுத்து. போன் போட்டுக் கேட்டால், "அப்படித்தான் இருக்கும், ஒரு மாதம் கழித்து வாங்க, சரியாகிவிடும்" என்று வைத்துவிட்டார்கள். என் பெண்தான் கேட்காமல் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். கண் பாப்பாவைப் பெரிதாக்கிப் பார்த்தால் லென்ஸ் 20 டிகிரி திரும்பிக் கிடக்கிறது. ஒரு வாரத்தில் மறுபடி உள்ளே போய்த் திருப்பி வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த போன் பதிலை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை.

கவிதா: மாமா, நீங்கள் போய் நின்றதுதான் சரி. டாரிக்கில் எல்லாமே கோணத்தில்தான் இருக்கிறது. ஒரு டிகிரி திரும்பினால் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பலன் போகும். 10 டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி திரும்பினால் டாரிக் வைத்ததும் வைக்காததும் ஒன்று, அதையும் தாண்டினால் முன்னைவிட மோசம். திரும்புவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், முதல் சில நாளில்தான். அதற்குப் பின் லென்ஸைச் சுற்றி இருக்கிற மெல்லிய பை சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடித்தால் திருப்பி வைப்பது சுலபம், மாதக்கணக்கில் விட்டால் கஷ்டம். மாமாவுக்கு முன்னால் பெரிய மைனஸ் பவர் இருந்தது இல்லையா, நீளமான கண்ணில் அந்தப் பை பெரிதாக இருக்கும், லென்ஸ் திரும்ப வாய்ப்பு கூடுதல். உங்கள் தப்பு எதுவும் இல்லைங்க மாமா.

கார்த்தி, நீ டாக்டரிடம் மறக்காமல் கேள். ஆபரேஷனுக்கு முன் பெரியப்பாவை உட்கார வைத்துக் கண்ணில் குறி போடுவார்களா, இல்லை கேமரா வைத்துக் கோணம் எடுப்பார்களா? படுத்ததும் கண் சில டிகிரி உருளும், படுத்த பிறகு அளந்தால் கணக்கு தப்பிவிடும். அப்புறம், லென்ஸ் திரும்பினால் திருப்பி வைக்க மறுபடி பணம் கேட்பார்களா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள். இன்சூரன்ஸில் பெரும்பாலும் கண்புரைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும், அப்படி இருந்தால் டாரிக்குக்கு ஆகிற கூடுதல் நம் கையில் இருந்துதான் போகும், பாலிசியை எடுத்துப் படி.

கார்த்தி: சரிங்க அக்கா. இடது கண்ணையும் அடுத்த மாதமே முடித்துவிடலாமா?

கவிதா: இடது கண் அவசரம் வேண்டாம். அதில் மூக்குப் பக்கம் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருக்கிறது. வெயிலிலும் புழுதியிலும் நின்றவர்களுக்கு நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். அந்தச் சதை கருவிழியை இழுத்து அளவையே மாற்றிவிடும். முதலில் சதையை எடுத்து, ஒன்றிரண்டு மாதமாவது விட்டு, மறுபடி அளந்தால்தான் நிஜமான சிலிண்டர் தெரியும். இப்போதைய அளவை நம்பி டாரிக் வைத்தால் தப்பாகிவிடும். வலது கண்ணையும் வியாழக்கிழமை இன்னொரு மெஷினில் ஒரு தடவை அளக்கச் சொல். கண் வறட்சி இருந்தாலும் அளவு மாறும். இரண்டு மெஷினும் ஒத்துப்போனால் நிம்மதி.

பெரியம்மா, அவர் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு போட்டோ.

பெரியம்மா: அனுப்பியிருக்கிறேன். சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, ராத்திரி எழுந்து எழுந்து போகிறார் என்று மூத்திரத்துக்கு ஒன்று.

கவிதா: அந்தக் கடைசி மாத்திரை டாம்சுலோசின். இதைக் கட்டாயம் ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் சொல்லுங்க. அது கண் பாப்பாவைச் சுற்றி இருக்கிற தசையைத் தளர்த்திவிடும், ஆபரேஷன் நடக்கும்போது அது துவளும். முன்னாலேயே தெரிந்தால் அவர்கள் தயாராக இருப்பார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினாலும் அந்தத் தளர்ச்சி உடனே போகாது. சொன்னால் போதும்.

கார்த்தி: வியாழன் போய் வந்தோம். இரண்டாவது மெஷினில் 2.20. டாக்டர் உட்கார வைத்துத்தான் குறி போடுவாராம். மாத்திரையைச் சொன்னதும் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். விழித்திரை ஸ்கேன் நன்றாக இருக்கிறது. டாரிக் மோனோஃபோக்கல் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை.

திருப்பூர் சித்தப்பா: நல்லது. பணம் நான் கட்டுகிறேன், அண்ணன் ஒன்றும் சொல்லக் கூடாது.

கோபி மாமா: சந்தைக்கு வேன் நான் எடுக்கிறேன். வெண்டையும் கத்தரியும் முந்தின நாள் சாயங்காலமே பறித்து வையுங்க.

பெரியம்மா: புதன். காலையில் கட்டு அவிழ்த்தார்கள். எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். நீர் வடிதல் கொஞ்சம் இருக்கிறது, வலி இல்லை. சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன்.

கவிதா: லென்ஸ் கோணம் பார்த்தார்களா? ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள், லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியது. அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்க, அட்டையைத் தொலைக்கக் கூடாது.

பெரியம்மா: பார்த்தார்கள் கண்ணு. குறி போட்ட இடத்திலேயே நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். அட்டை மஞ்சள் பையில் இருக்கிறது, இதோ எடுக்கிறேன்.

பெரியப்பா: கவிதா, வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். தெற்கே மூன்றாவது தென்னையில் குரும்பை தெரியுது. வேன் எப்போது எடுக்கலாம்?

கவிதா: ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தோப்புப் பக்கம் போகக் கூடாது, ராத்திரி கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். அடுத்த செவ்வாய் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு பகலில் மட்டும் எடுங்க பெரியப்பா. மூன்று மணி ஓட்டத்தை இன்னும் கொஞ்ச நாள் மாமா பார்த்துக்கொள்ளட்டும்.