பேஸ்மேக்கர் வைத்தும் அசதி தீரவில்லைங்க

வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறேன், வயது 63. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36க்கு இறங்கி, கட்டுத்தரையில் மயங்கி விழுந்த பிறகு, போன வருஷம் கோவையில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஒரே ஒரு வயர் உள்ள கருவி. அதோடு மயக்கம் நின்றுவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 2 மாதமாக உடம்பு ஒரு மாதிரியாகவே இருக்கிறது. பால் கறந்து முடிப்பதற்குள் அசந்துவிடுகிறேன். வாய்க்கால் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, கழுத்தில் திடும் திடும் என்று அடிக்கிறது. உட்கார்ந்து பார்த்தாலும் நடந்துவிட்டுப் பார்த்தாலும் நாடி 60தான். ஒறம்பரை வந்தவர்கள் எல்லாம் வயசாயிருச்சுங்க என்கிறார்கள். 2 மாதத்தில் அப்படி என்ன வயசு ஏறிவிடும்?

சோதனைக்குப் போனபோது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று 5 நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ரத்தச் சோகை, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை.

இதயத்தின் மேல் அறையும் கீழ் அறையும் ஒத்துத் துடிக்காவிட்டால் இப்படி வரலாமாம். நடக்கும்போது துடிப்பைக் கூட்டும் அமைப்பு கருவியில் இருந்தால், அறுக்காமல் வெளியிலிருந்தே மாற்றலாமாம். அப்படி மாற்றி யாருக்காவது அசதி குறைந்ததா? இரண்டு வயர் கருவிக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? பிரஷர் மாத்திரையும் காரணமாகுமா?

புதன்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று சொன்னால் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன். கஷாயம் மட்டும் சொல்லாதீங்க, வீட்டில் ஏற்கெனவே 3 வகை கொதிக்கிறது.