மத்திய ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசலாமா?

ஹெத்தை72: ஊட்டியில் மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சி மையத்தில் மண் அரிப்பு பற்றி வேலை செய்கிறேன். கோத்தகிரி பக்கம் மாநில அரசு நிறுவனத்தின் மின் திட்டம் ஒன்றுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வருகிறது. திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கையில் மண் அரிப்புக் கணக்கு தப்பாக இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து சொன்னால் நடத்தை விதியில் மாட்டுவேனா? நிருபர்களும் கேட்கிறார்கள்.

பழைய_நிர்வாகி: உங்கள் மையம் 1964-ம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளை ஏற்றிருந்தால், பார்க்க வேண்டியது 9-வது விதி. மத்திய அரசு மட்டுமல்ல, மாநில அரசின் கொள்கை, நடவடிக்கை மீதான பாதகமான விமர்சனமும் அதில் அடங்கும். புனைபெயரில் எழுதினாலும் விலக்கு இல்லை. அலுவல் கடமையாகச் சொல்வதற்கு விலக்கு உண்டு. அதனால் இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மையத்தின் சார்பாகவே கருத்து போவதுதான் பலமான வழி.

அனுமதி தாமதமானால் சொந்தப் பெயரில் அனுப்பலாம், ஆனால் அந்த விலக்கு அப்போது உங்களுக்கு இல்லை. அலுவலக லெட்டர்பேடு, மின்னஞ்சல், பதவிப் பெயர் எதுவும் வேண்டாம். 'இது என் சொந்தக் கருத்து' என்று முதல் வரியிலேயே போடுங்கள். அச்சில் வந்த ஆய்வுகளை மட்டும் காட்டுங்கள். வெளியாகாத தரவைத் தொட்டால், அலுவல் தகவலை வெளியே கொடுப்பது பற்றிய 11-வது விதி குறுக்கே வரும்.

சரிவு_மழை: மேடம், வாய்ப்பேச்சை விட எழுத்துதான் நிற்கும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸில் இருக்கும். கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பொருட்படுத்தத்தக்க சுற்றுச்சூழல் கவலைகள் எல்லாவற்றுக்கும் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் வாசகம் முக்கியம்.

'அரசு மலையை அழிக்கிறது' என்று எழுதினால் 9-வது விதியும் பாயும், பதிலும் வராது. இப்படி எழுதுங்கள்: 'பக்கம் இத்தனையில் உள்ள மண் இழப்புக் கணக்கில் மழை அல்லாத பருவத்தின் தரவே இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. 2009 நவம்பரில் பெரும் நிலச்சரிவுகள் நடந்தது அப்போதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான தரவைச் சேர்த்துத் திரும்பக் கணக்கிட வேண்டும்.' இதில் அரசை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஆனால் ஒதுக்கவும் முடியாது. இந்தத் தரவு தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டால் அடிவாரத்துத் தோட்டக்காரன் வீடுதான் போகும், தயவுசெய்து எழுதுங்கள்.

நிருபரிடம் போனில் பேசாதீர்கள். கேள்வியை எழுதி அனுப்பச் சொல்லி, அதை இயக்குநருக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் சரிவின் கோணத்தை மட்டும் சொன்னாலும், தலைப்பு 'விஞ்ஞானி எதிர்ப்பு' என்றுதான் வரும்.

மலைவிவசாயி_கொடை: மாநில அரசு ஊழியர்கள் கவனிக்க: உங்களுக்கு 1973-ன் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள். பல்கலைக்கழகம், தன்னாட்சி நிறுவனம் என்றால் தனி விதிகள் இருக்கும், பணி நியமன ஆணையில் எந்த விதி என்று பாருங்கள். மத்திய விதிகளின் கீழ் வருபவர்களை ஏதாவது குழு சாட்சியம் சொல்லக் கூப்பிட்டால் 10-வது விதிப்படி முன் அனுமதி வேண்டும். அரசு, நாடாளுமன்றம், சட்டமன்றம் அமைத்த விசாரணைக்கும் நீதி விசாரணைக்கும் அது தேவையில்லை.