லிங்கின் பார்க் (அமெரிக்க ராக் பேண்ட்) புது ஆல்பத்துல புது பாடகி எமிலி குரல் மட்டும் எங்கயோ தூரத்துல கேக்குது, ஹெட்போன் ப்ராப்ளமா, மிக்ஸே (குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதமே) அப்படித்தானா? யாராவது உதவி பண்ணுங்க

திருவான்மியூர்_அலை (2024 நவம்பர் 15, வெள்ளி, ராத்திரி 9.40)

வணக்கம் மக்களே. இது டெக்னிக்கல் சந்தேகமா இல்ல என் மனசு பண்ற வேலையான்னு எனக்கே பிரிச்சு சொல்ல தெரியல, அதனால நடந்தத முழுசா எழுதிடுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

2003-ல அவங்க மெட்டியோரா ஆல்பம் வந்தப்போ நான் ஒம்போதாவது. அண்ணன் பர்மா பஜார்ல வாங்கிட்டு வந்த எம்பி3 சிடில அதுவும் ஹைப்ரிட் தியரியும் ஒண்ணா இருந்துச்சு, எங்க வீட்டு டிவிடி ப்ளேயர் அந்த சிடியால தான் தேஞ்சுதுன்னு அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க. அப்படி வளந்தவ நான். 2017 ஜூலைல அவங்க பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்து போயிட்டாருன்னு சேதி வந்த காலைல நான் ஆபீஸ் கேப்ல இருந்தேன், ஓஎம்ஆர் ரோடு முழுக்க ஜன்னல் பக்கம் முகத்த திருப்பிக்கிட்டே போனேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவங்க பாட்டு எதையும் போடவே முடியல.

இந்த செப்டம்பர் 5 எமிலி ஆம்ஸ்ட்ராங் பாட வந்திருக்காங்க, புது ஆல்பம் வருதுன்னு தெரிஞ்சதும் ஒரு முடிவு பண்ணேன், சிங்கிள் ஒண்ணு கூட கேக்க மாட்டேன், நவம்பர் 15 மொத்தமா ஒரே மூச்சுல கேக்குறேன்னு. ரெண்டு மாசம் ரீல்ஸ்ல பாட்டு வந்தா கூட டக்குனு தள்ளி விட்டுருவேன்.

இன்னைக்கு ஐப்பசி பௌர்ணமி, அம்மா அன்னாபிஷேகம் பாக்க மருந்தீஸ்வரர் கோயிலுக்கு போயிட்டாங்க, வீடு காலி. என் இயர்பட்ஸ்ல ஒரு பக்கம் செத்து ஒரு மாசம் ஆச்சு, அதனால அலமாரி மேல இருந்த பழைய வயர் ஹெட்போன எடுத்தேன். காதை முழுசா மூடுற டைப், வயர் தனியா கழட்டலாம், ரெண்டு பக்கமும் 3.5 எம்எம். போன்ல ஜாக் கிடையாது, டைப் சி டாங்கிள் போட்டு சொருகினேன். லைட்ட அணைச்சுட்டு அந்த புது ஆல்பம் ஃப்ரம் ஸீரோவோட 11 ட்ராக்கும் நிறுத்தாம கேட்டேன், மொத்தமே 32 நிமிஷம் தான்.

கிட்டார் ரெண்டு பக்கமும் அவ்ளோ பெருசா இருக்கு, சிம்பல் எல்லாம் தலைய சுத்தி பறக்குது, ஆனா எமிலி குரல் மட்டும் அபார்ட்மென்ட்ல நாம நாலாவது மாடில நிக்கும்போது கீழ படிக்கட்டுல யாரோ கத்துற மாதிரி, எதிரொலி மட்டும் மேல வருது, ஆள் வரல. பதினோரு பாட்டும் அப்படியே. கடைசில ஹெட்போன கழட்டி வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். புது பாடகி மேல நம்பிக்கை இல்லாம குரல மிக்ஸ்ல பின்னாடி தள்ளிட்டாங்களா, இல்ல நானே அந்த இடத்துல வேற குரல உள்ள விட மாட்டேங்குறேனா? டாங்கிள கழட்டி மாட்டி பாத்துட்டேன், வால்யூம் ஏத்தி பாத்துட்டேன், ஆப்ல ஈக்வலைசர் ஆஃப்ல தான் இருக்கு. பழைய பாட்டு எதுவும் போட்டு பாக்கல, இன்னைக்கு கம்பேர் பண்ண கூடாதுன்னு பிடிவாதமா இருந்துட்டேன்.

போரூர்_டபுள்பெடல்

அக்கா, இப்ப வர்ற ராக் ஆல்பம் எல்லாமே சத்தத்த அடைச்சு அடைச்சு மாஸ்டர் (வெளியிடுறதுக்கு முன்னாடி பண்ற கடைசி ஒலி வேலை) பண்றாங்க, அதான் காரணமா இருக்கும். 2008-ல மெட்டாலிக்கா பேண்டோட டெத் மேக்னட்டிக் ஆல்பம் வந்தப்போ பெரிய கலாட்டாவே ஆச்சு, சிடில சத்தம் நசுங்கி கிழியுதுன்னு, அதே பாட்டுங்க கிட்டார் ஹீரோ கேம்ல நல்லா திறந்து கேட்டுச்சுன்னு ஆளுங்க கேம்ல இருந்து உருவி எடுத்து கேட்டாங்க. இதுவும் அந்த மாதிரி தான்னு நெனைக்கிறேன்.

சால்டரிங்_சித்தப்பா

தம்பி சொன்ன கதை உண்மை, ஆனா இது அது இல்ல. மாஸ்டரிங் ஓவரா போனா எல்லாமே முன்னாடி வந்து முகத்துல அறையும், காது அலுத்துப்போகும். ஒரு குரல மட்டும் பொறுக்கி எடுத்து படிக்கட்டுக்கு கீழ அனுப்பாது.

அம்மாடி, நீ எழுதினதுலயே விஷயம் இருக்கு. கிட்டார் ரெண்டு பக்கமும் பெருசு, சிம்பல் சுத்தி, குரலோட எதிரொலி மட்டும் வருது. நான் மூணு கேள்வி கேக்குறேன், யோசிச்சு சொல்லு. பேண்ட்ல இன்னொரு பாடகர் மைக் ஷினோடா குரல் எப்படி இருந்துச்சு? கிக் டிரம் நெஞ்சுல இடிச்சுதா? பேஸ் கிட்டார் எங்கயாவது கேட்டுச்சா?

திருவான்மியூர்_அலை

நீங்க கேட்டப்புறம் தான் உறைக்குது அண்ணா. மைக் குரலும் ஒல்லியா தான் இருந்துச்சு, தி எம்ப்டினஸ் மெஷின் பாட்ட அவர் தான ஆரம்பிக்கிறார், அதுவே போன்ல லைன் கட் ஆகுறதுக்கு முன்னாடி பேசுற மாதிரி இருந்துச்சு. கிக் டப்பா தட்டுற சத்தம். பேஸ் இருந்ததா ஞாபகமே இல்ல. நான் முழு நேரமும் எமிலி குரல தேடிக்கிட்டு இருந்ததால மத்தது எதுவும் காதுல ஏறல.

சால்டரிங்_சித்தப்பா

அப்ப எமிலிய விட்டுடு, அவங்க மேல தப்பே இல்ல. உன் வயர்ல கிரவுண்டு போயிருக்கு.

எப்படின்னு சொல்றேன். அந்த ஜாக்கோட முனைய பாரு, கருப்பு கோடு போட்டு பிரிச்சிருக்கும். நுனி இடது பக்கம், நடு வளையம் வலது பக்கம், அடிப்பகுதி ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. ரெண்டு காதுக்கும் போற கரண்ட் திரும்பி வர்ற வழி அது ஒண்ணு தான். அது அறுந்தா கரண்ட் என்ன பண்ணும், இடது ஸ்பீக்கர் வழியா போய் வலது ஸ்பீக்கர் வழியா திரும்பும். அப்ப உனக்கு கேக்குறது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தான். ரெண்டுலயும் ஒண்ணா இருக்குற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாம போயிரும். ஒரு பாட்டுல நட்ட நடுவுல ரெண்டு பக்கமும் சமமா வெக்கிறது எதெதுன்னு பாரு: லீட் குரல், கிக், ஸ்னேர், பேஸ். போச்சுல்ல எல்லாம்? மிஞ்சினது ஓரத்துல வெச்ச கிட்டார், சிம்பல், அப்புறம் குரலுக்கு போட்ட ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்), ஏன்னா ரிவர்ப் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி பரவும். அதான் ஆள் இல்லாம எதிரொலி மட்டும் வந்துச்சு. பழைய கரோக்கி மெஷின்ல பாடகர் குரல எடுக்குறதுக்கு வேணும்னே பண்ற வேலை இதே தான்.

ரெண்டு நிமிஷத்துல செக் பண்ணலாம். போன் செட்டிங்ஸ்ல அக்செஸிபிலிட்டிக்குள்ள மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணு. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் போகும், வித்தியாசம் பூஜ்யம். நான் சொல்றது சரின்னா பாட்டு சுத்தமா அடங்கிடணும். வயர் நல்லா இருந்தா சாதாரணமா பாடும்.

மழைக்கால_மெட்டல்

இன்னொண்ணும் பண்ணுங்க சிஸ், வீட்ல வேற எந்த வயர் இயர்போன் இருந்தாலும் அதே டாங்கிள்ல சொருகி பாருங்க, டாங்கிள் தப்பா வயர் தப்பான்னு அங்கயே தெரிஞ்சுரும். ஜாக்க கடைசி வரைக்கும் டக்குனு சத்தம் வர்ற மாதிரி அமுக்குங்க, மொபைல் கவர் தடுக்குற மாதிரி இந்த டாங்கிள் ரப்பரும் சில சமயம் தடுக்கும், பாதி தான் உள்ள போயிருந்தா கூட இதே கோளாறு வரும்.

நான் ஆல்பம் காலைலயே கேட்டேன், எமிலி குரல் நட்ட நடுவுல முன்னாடி நிக்குது, அதனால தைரியமா தேடுங்க.

திருவான்மியூர்_அலை (வெள்ளி, ராத்திரி 11.15)

மோனோ ஆன் பண்ணேன். அப்படியே அடங்கிருச்சு. பாட்டு ஓடுற கோடு நகருது, காதுல ஒரு கொசு சத்தம் கூட இல்ல. ஆஃப் பண்ணா திரும்ப படிக்கட்டு.

அப்பாவோட ரேடியோ இயர்போன் டாங்கிள்ல நல்லா பாடுது, ஒரு செகண்ட் மட்டும் வெச்சு எடுத்துட்டேன், ஆல்பத்த அதுல கேக்க மனசு வரல. அப்புறம் ஒண்ணு பண்ணேன். பழைய ஹெட்போன்லயே செஸ்டர் பாடின 'நம்ப்' பாட்ட போட்டேன். ஏழு வருஷமா பாத்து பாத்து தான் போடுவேன் அந்த பாட்ட. செஸ்டர் குரலும் அதே படிக்கட்டுக்கு கீழ இருந்து தான் வருது. ரெண்டு பேரும் ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு, ஆனா ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்துச்சு. ஒரு பொண்ணு முதல் தடவ என் காதுல பாடுறா, நான் பாட்டுக்கு வயரோட தப்ப தூக்கி அவ மேல போட்டுட்டு மூணு மணி நேரமா உக்காந்திருக்கேன்.

டார்ச் அடிச்சு பாத்தேன், ஹெட்போன் பக்கம் சொருகுற ஜாக்கோட அடிப்பகுதி பச்சையா பூத்திருக்கு, நுனி மட்டும் பளபளன்னு இருக்கு.

சால்டரிங்_சித்தப்பா

திருவான்மியூர்னா சொல்லவே வேணாம், உப்புக்காத்து. அந்த பக்கம் ஏசி அவுட்டோர் யூனிட் காயிலே சீக்கிரம் அரிச்சுப்போகுது, ஜாக் எம்மாத்திரம். முதல்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு துடை, மெடிக்கல் ஷாப்ல கேட்டா கிடைக்கும். துடைச்சும் சரியாகலன்னா உள்ள சால்டர் விட்டிருக்கும். மல்டிமீட்டர் இருந்தா பீப் மோடுல வெச்சு இந்த முனை அடிப்பகுதியையும் அந்த முனை அடிப்பகுதியையும் தொடு, பீப் வரலன்னா முடிஞ்சுது. உப்புத்தாள் போட்டு மட்டும் தேய்க்காத, மேல் பூச்சு போயிட்டா இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

புது வயர் வாங்குறதா இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட் போ. ஒரு விஷயம் கவனி, மூணு பட்டை ஜாக் கேளு, மைக் வெச்ச நாலு பட்டை வேணாம். அதுல கிரவுண்டும் மைக்கும் இடம் மாறி வர்ற பழைய டைப்பும் இருக்கு, அது மாட்டினா திரும்ப இதே கதை.

திருவான்மியூர்_அலை (சனி, சாயங்காலம்)

துடைச்சு பாத்தேன், கொஞ்ச நேரம் வந்துச்சு, வயர அசைச்சா போயிருச்சு. அதனால மதியம் பறக்கும் ரயில் புடிச்சு சிந்தாதிரிப்பேட்டைல இறங்கி நடந்தே ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். சந்துக்குள்ள ஒரு சின்ன கடை, வயர காட்டி கிரவுண்டு போயிருச்சுண்ணேன்னு சொன்னேன். அவர் மீட்டர்ல வெச்சு பாத்துட்டு தலைய ஆட்டினாரு. புது வயர் எடுத்து நீட்டிட்டு, பழசையும் கொடுங்க மேடம் முனைய வெட்டி புது ஜாக் போட்டு தர்றேன்னாரு. மேல் மூடிய திருகி கழட்டினா உள்ள செம்புக்கம்பி கருகருன்னு ஆகி அடித்தகட்ட விட்டு விலகி நிக்குது, ஒரு முடி அளவு தான் இடைவெளி. அவ்ளோ தான். அந்த முடி அளவு.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் பொறுக்க முடியல, ஆனா ரயில்ல போட்டு பாக்கல. வந்து கை கால் கழுவிட்டு, நேத்து உக்காந்த அதே இடத்துல லைட்ட அணைச்சுட்டு உக்காந்தேன்.

எம்ப்டினஸ் மெஷின்ல மைக் முதல் கோரஸ் முடிச்சுட்டு விலகுறாரு, அடுத்த சரணத்துல எமிலி வர்றாங்க. நடுவுல, ரெண்டு புருவத்துக்கும் மத்தியில ஒரு ஆள் வந்து நின்ன மாதிரி. கரகரன்னு ஒரு அடித்தொண்டை, அந்த ஒவ்வொரு கரகரப்பும் தனித்தனியா எண்ணலாம் போல இருக்கு. நேத்து இதே பாட்ட முழுசா கேட்டும் அவங்க உள்ள வந்த இடமே எனக்கு தெரியல. ஹெவி இஸ் தி க்ரவுன்ல அந்த நீளமான கத்தல் வருது பாருங்க, மூச்சு விடாம போய்க்கிட்டே இருக்கு, நான் கேட்டுட்டு என்னை அறியாம எந்திரிச்சு நின்னுட்டேன். கீழ கிக் இடிக்குது. ஓவர் ஈச் அதர்ல மைக் குரல் கொடுக்காம அவங்கள தனியா விட்டுடுறாரு, அங்க தான் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு, அவங்க செஸ்டர் மாதிரி பாட முயற்சி பண்ணவே இல்ல, டெட் சாராங்கிற அவங்க இன்னொரு பேண்ட்ல பாடின அதே தொண்டையோட தான் இங்கயும் வந்திருக்காங்க.

எனக்கு செஸ்டர் ஞாபகம் வரலன்னு சொல்ல மாட்டேன். வந்துச்சு, ரெண்டு இடத்துல நிறுத்தலாமான்னு கூட தோணுச்சு. நிறுத்தல.

போரூர்_டபுள்பெடல்

அக்கா நான் தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. இப்ப என் ஹெட்போன்லயும் மோனோ டெஸ்ட் போட்டு பாத்தேன், நல்லா தான் இருக்கு. காலின் பிரிட்டன் டிரம்ஸ் எப்படி இருக்கு உங்களுக்கு? பழைய டிரம்மர் ராப் பூர்டன் இல்லாதது எனக்கு உறுத்தும்னு நெனச்சேன், கேசுவால்ட்டி பாட்ட கேட்டதும் அடங்கிட்டேன்.

திருவான்மியூர்_அலை

மன்னிப்பெல்லாம் எதுக்கு தம்பி, டெத் மேக்னட்டிக் கதை எனக்கு தெரியாது, தெரிஞ்சுக்கிட்டேன். டிரம்ஸ் இன்னும் ரெண்டு தடவ கேட்டுட்டு சொல்றேன், இன்னைக்கு காது முழுக்க குரல் தான்.

சித்தப்பா, கடைசியா ஒரு சந்தேகம். ஹெட்போன்ல சொருகுற அந்த ஓட்டைக்குள்ளயும் பச்சை பிடிச்சிருக்குமா? அதை எப்படி துடைக்கிறது?

சால்டரிங்_சித்தப்பா

பிடிச்சிருக்கும், லேசா. பல் குத்துற குச்சி நுனில பஞ்சு இறுக்கமா சுத்தி, ஆல்கஹால் நனைச்சு பிழிஞ்சுட்டு உள்ள விட்டு மெதுவா திருப்பு, சொட்டக்கூடாது. காய அஞ்சு நிமிஷம் விடு. அப்புறம் அலமாரில அப்படியே வெக்காத, மூடுற டப்பால போட்டு புது செருப்பு டப்பால வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வை. வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் எடுத்து கேளு, சொருகி எடுத்துக்கிட்டே இருந்தா அந்த இடம் சுத்தமா இருக்கும்.

திருவான்மியூர்_அலை

செருப்பு டப்பா பொட்டலம் அம்மா சேத்து வெச்சிருக்காங்க, எடுத்துட்டேன். ரொம்ப நன்றி எல்லாருக்கும். அண்ணன் ஷார்ஜால இருக்கான், அவனும் இன்னும் கேக்கல, வயர செக் பண்ணிட்டு கேளுன்னு மெசேஜ் போட்டிருக்கேன்.