பாட்டிக்குச் சின்ன டார்ச்லைட் வேண்டும்: ஒரே சுவிட்சு, ஒரே வெளிச்சம், எது வாங்கலாம்?

செம்பனைப் பேரன்:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பாட்டிக்கு ஒரு டார்ச்லைட் தேடுகிறேன். எண்பதைத் தாண்டிவிட்டார், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர், தோட்டத்தை விட்டு வந்தபிறகு டவுன் ஓரத்தில் பழைய வீட்டில் அத்தையோடு இருக்கிறார். அத்தைக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். நான் இருப்பது ஜொகூரில்.

கழிவறை வீட்டுக்குப் பின்னால். சமையலறையைத் தாண்டிக் கதவைத் திறந்து சிமெண்டுத் தரையில் கொஞ்சம் நடக்க வேண்டும், நடுவில் ஒரு படி. ராத்திரி எழுந்து போவார். மழை நேரத்தில் பெரிய இடி இடித்தால் மெயின் சுவிட்சு டிரிப் ஆகி வீடே இருட்டாகிவிடும், அப்போதும் போவார், சொன்னால் கேட்பதில்லை. வலது கையில் கைத்தடி. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும், போத்தல் மூடியைத் திறக்கவே ஆள் வேண்டும். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொரு கண்ணுக்குத் தேதி வரவில்லை.

மாமா ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார், காவல்காரர்கள் வைத்திருப்பது மாதிரி கறுப்பு டார்ச், பட்டன் பின்முனையில். முதல் அமுக்குக்குக் கண் கூசுகிற வெளிச்சம், அடுத்து மங்கல், அடுத்து பளிச் பளிச்சென்று மின்னல், அதற்கப்புறம் எஸ்ஓஎஸ் என்கிற ஆபத்து சமிக்ஞை. பாட்டி அணைக்கப் போக, அது மின்ன ஆரம்பிக்க, பயந்துபோய் எரிகிறபடியே தலையணைக்கு அடியில் செருகிவிட்டார். "பேய் லைட்டு" என்று பெயர் வைத்து ஒதுக்கியாகிவிட்டது. அதற்கு முன்பு இருந்த டார்ச்சில் பேட்டரி ஒழுகி உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யலாமா, புதிதாக வாங்குவதென்றால் எந்த மாதிரி வாங்குவது? விலை பெரிய விஷயம் இல்லை.

வயர்மேன் கோலகங்சார்:

தம்பி, அந்தப் பழைய டார்ச் எப்படிப்பட்டது? எத்தனை பேட்டரி, சுவிட்சு எங்கே? பாட்டி அதைச் சிரமமில்லாமல் எரியவிட்டாரா? டிரிப் விஷயம் தனி, அதை அப்புறம் சொல்கிறேன்.

செம்பனைப் பேரன்:

தகர உடம்பு அண்ணே, பெரிய பேட்டரி இரண்டு போடுவது. சுவிட்சு பக்கவாட்டில், முன்னால் தள்ளினால் எரியும். அதில் அவருக்கு ஒரு தகராறும் இல்லை. கனம் என்று மட்டும் சொல்வார்.

ஈப்போ அக்கா:

அப்படியென்றால் பாதி பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது தம்பி. லுமன் (வெளிச்சத்தின் அளவு) கணக்கெல்லாம் பிறகு, சுவிட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் அம்மாவுக்கும் முடக்குவாதம். பின்முனைப் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டுமானால் மற்ற நான்கு விரலும் டார்ச்சை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், வீங்கிய கைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வராது. தலையைத் திருகி எரியவைக்கிற வகை அதைவிட மோசம், அதற்கு இரண்டு கை வேண்டும், உங்கள் பாட்டிக்கு ஒரு கை தடிக்கே போய்விட்டது. தள்ளு சுவிட்சுதான் சரி. கட்டைவிரலில் பலம் இல்லையென்றால் விரல் மடிப்பாலோ உள்ளங்கையாலோகூடத் தள்ளிவிடலாம், இருட்டில் தடவிப் பார்த்தாலே எரியும் பக்கமா அணைந்த பக்கமா என்று தெரியும், முதல் மோடு இரண்டாம் மோடு என்று எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. வயதானால் கண்ணுக்குள் போகிற ஒளி குறைகிறது, இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் அறுபது வயதுக்காரருக்குப் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். அதனால் ஆயிரம் லுமன் வாங்கிக் கொடுத்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புரை இருக்கிற கண்ணில் ஒளி நேராகப் போகாமல் சிதறும், வெள்ளைச் சுவரிலும் ஈர சிமெண்டிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பனிமூட்டம் மாதிரி முன்னால் நிற்கும், படி இருக்கிற இடமே தெரியாது. வீட்டுக்குள்ளேயும் கொல்லைக்கும் ஐம்பதிலிருந்து நூறு லுமன் தாராளம். நீலம் கலந்த வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சளான வெளிச்சம் கூசாது, அட்டையில் 3000 கெல்வின், 4000 கெல்வின் என்று போட்டிருந்தால் அதை எடுங்கள்.

சாலாக் பையன்:

இவ்வளவு யோசிப்பானேன், ஒரு தலைலைட்டு வாங்கிக் கொடுங்கள். பால்மரம் வெட்டியவர் என்கிறீர்கள், விடியுமுன்னே தலையில் லைட்டு கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போனவர்தானே. அந்தக் காலத்தில் கார்பைடு விளக்கு, கல்லில் தண்ணீர் சொட்டி அசிட்டிலின் வாயு வந்து எரியும், அதையே சமாளித்தவர் இதைச் சமாளிக்க மாட்டாரா? இரண்டு கையும் சும்மா இருக்கும்.

ஈப்போ அக்கா:

கை சும்மா இருக்கும் என்பது உண்மை, ஆனால் நான் வேண்டாம் என்பேன். லைட்டு கண்ணுக்கு மேலேயே இருந்தால், பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், பார்க்கிற நமக்கு நிழலே தெரியாது. நிழல் தெரியாவிட்டால் படியின் விளிம்பும் தரையின் பள்ளமும் ஒரே மட்டமாகத் தோன்றும். மரத்தில் கோடு வெட்டுவது முகத்துக்கு நேரே பார்க்கிற வேலை, அதற்குத் தலைலைட்டு சரி. தரையைப் பார்த்து நடக்க லைட்டு இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் படிக்கு நிழல் விழும். சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுப் படியிலேயே இரண்டு விதமாகவும் பிடித்துப் பாருங்கள்.

சாலாக் பையன்:

பார்த்தேன் அக்கா. எங்கள் வீட்டுக் கால்வாய் ஓரத்தில் இடுப்பு மட்டத்தில் பிடித்தால் விளிம்பு கோடு போட்ட மாதிரி தெரிகிறது. சரி, நெற்றி வேண்டாம். அந்த வார்ப்பட்டியோடு கொக்கி கழற்றுகிற வேலை வேறு இருக்கிறது, அந்த விரலுக்கு அது தொல்லைதான்.

தைப்பிங் மழை:

ஒழுகின டார்ச்சை உடனே குப்பையில் போட வேண்டாம். அல்கலைன் பேட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம், கையில் பட்டால் எரியும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தூள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியைத் தட்டி எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் புளிக்காடியோ எலுமிச்சைச் சாறோ தொட்டு அந்தப் பூப்பை ஒற்றுங்கள், நுரைத்து அடங்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஸ்பிரிங்கையும் பித்தளைத் தகட்டையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் எரியும். ஸ்பிரிங் அரித்து மெலிந்துபோயிருந்தால் விட்டுவிடுங்கள், இன்று எரிந்து நாளை எரியாத டார்ச் வயதானவர் கையில் இருக்கக்கூடாது.

ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: பழைய பேட்டரியும் புது பேட்டரியும் கலந்து போடுவது, தீர்ந்துபோனதை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடுவது. எரியவில்லை என்று மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறோமே, அங்கேதான் ஒழுகும்.

ஹார்ட்வேர் கடை மகன்:

கடையில் நிற்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். பெரிய டி சைஸ் அல்கலைன் பேட்டரி ஒன்றே 140 கிராம் வரும், இரண்டு என்றால் டார்ச் உடம்பு சேராமலே கால் கிலோவுக்கு மேல். ஏஏ என்கிற சின்ன பேட்டரி ஒன்று 23, 24 கிராம்தான். அதனால் அதே தள்ளு சுவிட்சு, ஆனால் ஏஏ இரண்டு போடுகிற பிளாஸ்டிக் உடம்பு டார்ச் கேளுங்கள். இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், வெளிர் மஞ்சள், சிவப்பு என்று பளிச்சென்ற நிறத்தில் எடுங்கள், கறுப்பு வேண்டாம், கீழே விழுந்தால் இருட்டில் எங்கே தேடுவது. ரொம்பச் சின்னதாகவும் வேண்டாம், சாவிக்கொத்து டார்ச்சை மூட்டுவலிக் கை பிடிக்காது, கைப்பிடி கொஞ்சம் தடித்திருந்தால்தான் பிடி நிற்கும். உருளையாக வழுக்கினால் சைக்கிள் கைப்பிடிக்குச் சுற்றும் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.

வாங்கும்போது இடது கையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைப் பயன்படுத்தாமல் எரியவிட்டு அணைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் பாட்டியால் முடியாது. பேட்டரி மூடியையும் திறந்து பாருங்கள், ஆனால் அது அத்தைக்குத்தான், பாட்டி அதைத் தொடவே தேவையில்லை.

நெகிரிக்காரன்:

யூஎஸ்பி சார்ஜ் டார்ச் வாங்கினால் பேட்டரி வாங்கும் செலவே இல்லையே? ஷோப்பி ஆன்லைன் கடையில் 9900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) போட்டு மலிவாக வருகிறது.

தைப்பிங் மழை:

அந்த 9900 பொய். அதில் இருக்கும் 18650 என்கிற சைஸ் பேட்டரி, நல்ல கம்பெனி செய்தாலே 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் வரும். இரண்டு மூன்று மடங்கு எழுதி ஒட்டியிருப்பவன் உள்ளே என்ன வைத்திருப்பான் என்று யோசியுங்கள், அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடுவதா? நல்ல பிராண்டாகவே இருந்தாலும், அந்தக் குட்டி ஓட்டையில் வயரைச் செருகுவது பாட்டிக்குச் சுவிட்சைவிடக் கஷ்டம். சார்ஜ் போட மறந்த இரவில்தான் கரண்டும் போகும்.

நெகிரிக்காரன்:

சரி, அப்போது எனிலூப் மாதிரி சார்ஜ் ஏற்றும் ஏஏ? அது ஒழுகுவதும் குறைவு.

தைப்பிங் மழை:

நல்ல பேட்டரிதான், அத்தை சார்ஜரில் போட்டு மாற்றுவார் என்றால் போடலாம். ஒரு குணம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அது 1.2 வோல்ட், கடைசிவரை ஏறக்குறைய ஒரே மாதிரி எரிந்துவிட்டுச் சட்டென்று விழும். அல்கலைன் 1.5 வோல்ட்டில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், "லைட்டு மங்குதுடா" என்று பாட்டியே போனில் சொல்லிவிடுவார். இந்த ஒரு விஷயத்துக்காக நான் சாதாரண அல்கலைனையே போடுவேன். இன்னொன்று, 14500 என்று ஒரு லித்தியம் பேட்டரி அச்சு அசல் ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். அதைச் சாதா டார்ச்சில் போட்டால் எல்ஈடி போய்விடும். மாமா அந்தக் கறுப்பு டார்ச்சோடு உபரி பேட்டரி ஏதாவது கொடுத்திருந்தால் சைஸைப் படித்துப் பார்த்துத் தனியாக வையுங்கள்.

வயர்மேன் கோலகங்சார்:

இப்போது டிரிப் விஷயம். இடி இடித்தால் விழுவது ஆர்சிசிபி, ஊரில் எல்லோரும் ஈஎல்சிபி என்பார்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டால் துண்டிக்கத்தான் அது இருக்கிறது, மின்னல் நேரத்து அழுத்தத்திலும் சில சமயம் விழும். ஆனால் இடிக்கு இடி விழுகிறது என்றால் எங்கேயோ ஏற்கெனவே கொஞ்சம் கசிகிறது, பழைய ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், மழையில் நனைகிற வெளிப்பக்க பிளக், இதில் ஒன்றாக இருக்கும். லைசென்சு உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி டார்ச் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி மெயின் சுவிட்சைத் தூக்கிவிடக்கூடாது, அதை அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தோட்டத்து ஆட்களுக்கு அந்தத் துணிச்சல் அதிகம்.

டார்ச் மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். படுக்கையிலிருந்து சமையலறை வரை, பிளக்கில் செருகுகிற சென்சார் லைட்டு ஒன்றிரண்டு, தரைக்குப் பக்கத்தில். உடம்புச் சூடு நகர்வதைக் கண்டு தானாக எரியும், அவர் எதையும் அமுக்க வேண்டாம். பூனை போனாலும் எரியும், அது பரவாயில்லை. கரண்ட் போனால் அதுவும் போய்விடும் என்பதால் சமையலறைச் சுவரில் ஒரு எமர்ஜென்சி லைட்டு, எப்போதும் பிளக்கிலேயே இருந்து கரண்ட் போனதும் தானாக எரிகிற வகை. இரண்டிலும் நம் மூன்று பின் பிளக்கும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். எமர்ஜென்சி லைட்டை மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும், உள்ளே இருக்கிற பேட்டரி சில வருடங்களில் செத்துவிடும், செத்தது கரண்ட் போகும்வரை யாருக்கும் தெரியாது. இந்த இரண்டும் இருந்தால் டார்ச்சுக்கு வேலை பின்கதவுக்கு வெளியே மட்டும்தான், பாம்பு கீம்பு இருக்கிறதா என்று பார்க்க. அந்தப் படியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், காசு செலவே இல்லை.

செம்பனைப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் ஊருக்குப் போய் வந்தேன். ஏஏ இரண்டு போடும் மஞ்சள் டார்ச் கடைத்தெருவிலேயே கிடைத்தது, தள்ளு சுவிட்சு, ஒரே வெளிச்சம். பாட்டி கையில் கொடுத்ததும் பெருவிரல் மூட்டால் தள்ளி எரியவிட்டு, என் மூஞ்சியில் அடித்து, அணைத்து, மறுபடி எரியவிட்டு, "இது நம்ம பழைய மாதிரி" என்றார். சென்சார் லைட்டு இரண்டு போட்டாச்சு, வயர்மேன் அடுத்த வாரம் வருகிறார். ஒரே ஒரு சிக்கல், கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கும்போது டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொள்கிறார், இரண்டு தரம் கீழே விழுந்துவிட்டது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடலாமா?

ஈப்போ அக்கா:

கழுத்தில் வேண்டாம், தாழ்ப்பாளிலோ தடியிலோ மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். இடது மணிக்கட்டில் தொங்குகிற மாதிரி அகலமான துணிப் பட்டையில் ஒரு வளையம் தைத்துவிடுங்கள், முடிச்சு இல்லாமல் கை நுழைகிற அளவு, இழுத்தால் கழன்று வர வேண்டும். கையை விட்டால் டார்ச் தொங்கும், தாழ்ப்பாளைத் திறக்கலாம், வெளிச்சமும் தரைக்கே விழும். படுக்கும்போது கட்டில் காலில் ஒரு கொக்கி, எப்போதும் அதே இடம், அத்தை எடுத்தாலும் அங்கேயேதான் திருப்பி மாட்ட வேண்டும்.

செம்பனைப் பேரன்:

அத்தை தைத்துக்கொண்டிருக்கிறார் அக்கா. பேட்டரியை எப்போது மாற்றுவது, மங்கும்வரை விடலாமா?

தைப்பிங் மழை:

விட வேண்டாம். தீபாவளிக்கு ஒரு தடவை, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு தடவை, மங்கினாலும் மங்காவிட்டாலும் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கழற்றினதில் பாதி உயிர் மிச்சம் இருக்கும், சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டால் நிறைய நாள் ஓடும்.