புதுப்பிப்பு: ஹட்டனிலிருந்து நீர்கொழும்பு மீன் சந்தைக்கு

நீர்கொழும்பு மீன் சந்தையைப் பார்க்க எந்த நாள் உகந்தது என்று முன்பு கேட்டிருந்தேன். அங்குள்ள மீனவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர், ஞாயிறன்று கடலுக்குச் செல்வது குறைவு என்று நண்பர்கள் விளக்கியதால், சனிக்கிழமை விடியுமுன்பே குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

களப்போரத்தில், ஒல்லாந்தர் கோட்டைக்கு அருகே இருக்கும் அந்தச் சந்தையில், அப்போதுதான் இறக்கிய சூரை மீன்களின் செவுள்கள் செக்கச்சிவந்திருந்தன. ஐஸ் பெட்டியில் எங்கள் மலையக ஊரான ஹட்டனுக்கு ஏறி வரும் மீனில் அந்த நிறத்தை நாங்கள் கண்டதேயில்லை. தரை வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கடற்கரையில் தும்புப் பாய்களில் மீனைப் பிளந்து, உப்பிட்டு, வரிசையாக உலர்த்துவதைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம் (எனக்குச் சந்தையைவிட அதுவே பிடித்தது). நீண்ட பஸ் பயணத்துக்குப் பச்சை மீனைவிடக் கருவாடே தோது. அதையும் இரட்டைப் பையில் இறுகக் கட்டச் சொல்லுங்கள்.